அத்தான் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு அட்டை கட்டினார்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் பரிசோதகர். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. கட்டடம் கட்டடமாகப் போவார். லிஃப்டின் தலைமேல் ஏறுவார், அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்குவார், வடம், பிரேக், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் பார்ப்பார். ஒழுங்காக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் 'பழுது, உபயோகிக்கக் கூடாது' என்ற சிவப்பு அட்டையைக் கதவில் கட்டிவிட்டு வந்துவிடுவார். ஒன்பதாவது மாடிக்காரர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவருக்கு அது காதிலேயே ஏறாது.

வேலைக்கு அவர் வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு. எதையும் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தொட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும். மூன்றும் நடந்தால்தான் அது நடந்ததாக அர்த்தம். "கதவுப் பூட்டு. பாத்தாச்சு. தொட்டாச்சு. சரி." வேலையில் இப்படி இருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மனிதர் வீட்டிலும் இப்படித்தான். வெளியூர் கிளம்பும்போது அடுப்பின் முன்னால் நின்று, "காஸ். பாத்தாச்சு. தொட்டாச்சு. மூடியிருக்கு" என்பார். அக்கா வாசலில் பெட்டியோடு நின்று பல்லைக் கடிப்பாள். ஒரு தடவை ரயிலையே விட்டுவிட்டார்கள். "ரயில் போனா என்ன, அடுத்தது வரும். காஸ் மூடியிருக்கில்ல?" என்றாராம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு. அக்கா அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வயது முப்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே யாரும் கேட்க வேண்டாம். மூன்று வேளையும் அக்கா வீட்டுச் சாப்பாடு. அந்த நன்றி எனக்கு இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

அத்தானுக்குத் தலையில் முடி கிடையாது. இருபத்தெட்டு வயதிலேயே போய்விட்டது. கல்யாணப் போட்டோவில் பாதி இருக்கிறது, முதல் பிறந்தநாள் போட்டோவில் என் அக்கா மகளுக்கு அவரைவிட முடி அதிகம். அவர் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முகம் கழுவும்போது அப்படியே கையை மேலே கொண்டுபோய்ப் பின்கழுத்துவரை ஒரே வீச்சில் கழுவி முடித்துவிடுவார். சோப்பு மிச்சம் என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

விவகாரம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏதோ பாடம் தேடினாள். மண் அரிப்பு என்று அடித்தாள். திரையில் ஓர் ஆள் வந்தான். நெற்றியில் விழுந்து, காதை மூடி, தோளில் புரளும் முடி. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. மேலே கொட்டை எழுத்தில், 'வழுக்கைக்கு விடை கொடுங்கள்! முப்பதே நாளில்!'

அவள் மறுபடி அடித்தாள். மறுபடி அதே ஆள். நாளைக்கு மழை வருமா என்று கேட்டாள். அதே ஆள். கல்லூரியின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். அங்கேயும் அவனே நின்று சிரித்தான்.

அவள் நாற்காலியோடு திரும்பி அத்தானைப் பார்த்தாள். அக்காவும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை மேலே லைட் வேறு விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா, நீ என்னத்தப்பா தேடின? நம்ம எதைத் தேடறமோ அதையேதான் அது திரும்பத் திரும்பக் காட்டும். எங்க காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும்."

"நானா? நான் எதுவும் தேடல."

"பின்ன இதுக்கு எப்படித் தெரியும், இந்த வீட்டுல ஒரு வழுக்கை இருக்குன்னு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்தது நான்.

எங்கள் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருக்கு ஃப்ரேம் மாட்டிவிட்டுக் கைக்கண்ணாடியை அவருக்குப் பின்னால் பிடித்தேன். அந்தக் கண்ணாடி சுவரில் இருந்த கண்ணாடியில் விழுந்து, அது என் உச்சந்தலையை எனக்கே காட்டியது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெட்டவெளி. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் எனக்கு வார விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நம் போட்டோவுக்கு விதவிதமான முடி வைத்துப் பார்க்கும் இலவச புரோகிராம் ஒன்றை இறக்கினேன். வழியில் அது என்னென்னவோ கேட்டது, நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனேன். நாலு விதமாக வைத்துப் பார்த்தேன். சுருட்டை எனக்கு நன்றாகவே இருந்தது. பிறகு திரையில் இருந்த அதன் ஐகானை மட்டும் அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று மாடிக்குப் போய்த் தூங்கினேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தான் தப்பியிருப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் என் உச்சந்தலை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் எல்லாம் வேடிக்கையாகத்தான் போயிற்று. அந்தச் சிரிப்பு ஆளுக்கு அக்கா மகள் 'பெரிய மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். "அப்பா, பெரிய மாப்பிள்ளை வந்திருக்காரு, வந்து பேசு" என்று கூடத்திலிருந்து கூப்பிடுவாள். அக்காவும் முதலில் சிரித்தாள். மூன்றாவது நாள் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தட்டை அத்தான் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

"ஐம்பத்தாறு வயசுல முடி எதுக்கு? யாரு பாக்கறதுக்கு?" என்றாள்.

"நான் தேடலம்மா."

"சரி."

"சரின்னா நம்பறியா?"

"சரின்னா சரி."

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். சர்க்கரையே தொடுவதில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்பவர்களை அவள் தினமும் பத்துப் பேரைப் பார்க்கிறாள். பேப்பரில் வருவதுதான் அவளுக்கு உண்மை, மனிதர் வாயில் வருவது காற்று. இங்கே பேப்பருக்குப் பதிலாகத் திரை, திரையில் முடியோடு ஓர் ஆள். அவள் எப்படி நம்புவாள்?

அத்தான் உடைந்துவிட்டார். முடி இல்லாததற்காக இல்லை. தான் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் ஊரே கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறது, தன் வார்த்தையை மட்டும் சொந்த வீட்டில் நம்புவாரில்லை என்பதற்காக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, காலையில இருந்து உங்கக்கா என்கிட்ட சரியா முகம் கொடுத்தே பேசல" என்றார். "விடுங்க அத்தான், சரியாயிடும்" என்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

"விட முடியாது. ஞாயித்துக்கிழமை பரிசோதனை" என்று எழுந்து போனார்.

சனிக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டரின் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. 'பழுது. உபயோகிக்கக் கூடாது.' கீழே தேதி, நேரம், கையெழுத்து. ஸ்விட்சின் மேல் ஒரு தாள் ஒட்டி, அந்தத் தாளின் குறுக்கேயும் ஒரு கையெழுத்து. யாராவது ஸ்விட்சைத் தொட்டால் தாள் கிழிந்து காட்டிக் கொடுத்துவிடும். அக்கா மகள் ஆடித் தீர்த்தாள்.

"அப்பா, திங்கக்கிழமை நான் ப்ராஜெக்ட் அனுப்பணும்! இது என்ன லிஃப்டா, அறுந்து விழறதுக்கு?"

"நீ பாஸ்வேர்டு அடிக்கிறல்ல? அது எவன் கைக்குப் போகுதுன்னு தெரியுமா உனக்கு? தெரியாது. அப்ப இதுவும் அறுந்து விழறதுதான்."

அவர் சொன்னது நியாயம் என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ப்ராஜெக்டைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் அந்த ஸ்விட்சின் பக்கத்தில் போய் நின்றேன். தாளை ஓரமாக நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். மனிதர் நாலு பக்கமும் கோந்து தடவியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தான் வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் டார்ச். கம்ப்யூட்டருக்கு டார்ச் எதற்கு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. தன் கைபேசியில் இதைப் பற்றி இரண்டு நாள் படித்து, அவரே கையால் கோடு போட்டு ஒரு படிவம் தயாரித்திருந்தார். பதினான்கு வரி. கடைசி வரி: 'பழுதுக்குக் காரணமானவர்.' அதைப் படித்ததும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"தம்பி, நீதான் சாட்சி. பக்கத்துல உக்காரு."

"எதுக்கு அத்தான் இவ்வளவு? எல்லாத்தையும் மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாமே? எங்க கடைக்காரர் அப்படித்தான் செய்வாரு."

"காரணம் தெரியாம லிஃப்டை ஓட்டக் கூடாது தம்பி" என்றார், ரொம்பப் பொறுமையாக.

முதலில் தாளைச் சோதித்தார். ஓரத்தில் நகம் பட்ட இடத்தில் டார்ச்சை அடித்தார். "எலியா இருக்கும்" என்றேன். அவர் படிவத்தில் 'எலி?' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு வேலை தொடங்கியது. ப்ரவுசரைத் திறந்தார். முதல் பக்கம் பெரிய மாப்பிள்ளை. "முதல் பக்கம். பாத்தாச்சு" என்று சொல்லி, அந்த ஆளின் மூக்கில் விரலை வைத்தார். "தொட்டாச்சு. சரியில்ல." அமைப்புகளுக்குள் போய் முதல் பக்கத்தை மாற்றினார், தேடும் தளத்தை மாற்றினார், ப்ரவுசரோடு ஒட்டிக்கொண்டிருந்த பேர் தெரியாத ஒரு சங்கதியைப் பிடுங்கிப் போட்டார். மூடித் திறந்தார். அந்த ஆள் மறுபடி வந்து நின்றான்.

அத்தான் அசரவில்லை. தன் கைபேசியை அதே வை-ஃபையில் போட்டு மழை வருமா என்று தேடினார். வராது என்று ஒழுங்காகப் பதில் வந்தது. "பாத்தியா? போன் ஒழுங்காப் போகுது. அப்ப வீட்டுக்கு வர்ற இணைப்புல கோளாறு இல்ல. இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு." எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது. இவ்வளவு நேராக யோசிக்கிற மனிதருக்கு எதிராக எலியைச் சொன்னோமே என்று இருந்தது.

அடுத்து நெட்வொர்க் அமைப்புகள். ப்ராக்ஸி என்று ஒன்று இருக்கிறது. நாம் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகாமல் இன்னொருவன் வழியாகப் போவது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் போட்டதில்லை, ஆனால் போட்டிருந்தது. "ப்ராக்ஸி. பாத்தாச்சு. தொட்டாச்சு. இது யாரு வீட்டு முகவரி?" என்று அணைத்தார். அதற்கடுத்து டி.என்.எஸ். நாம் அடிக்கிற பெயருக்கு எந்த எண் என்று தேடிக் கொடுக்கிற இடம் அது. அங்கே இருந்த இரண்டு எண்களையும், இணைப்புக் கொடுத்தபோது கம்பெனிக்காரர் எழுதித் தந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். ஓர் எண்கூடப் பொருந்தவில்லை.

"இங்க பாரு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "பட்டன் சரியாத்தான் இருக்கு. மேல மெஷின் ரூம்ல எவனோ வயரை மாத்திச் சொருகியிருக்கான். எட்டை அமுக்கினாலும் மூணாவது மாடி, ரெண்டை அமுக்கினாலும் மூணாவது மாடி. மூணாவது மாடியில இந்தப் பய நிக்கறான்!"

"வயரு தானா மாறுமா? யாராவது மாத்தினாதானே மாறும்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"அத்தான், டீ வேணுமா?" என்றேன். வேண்டாம் என்றார்.

ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல், எந்தத் தளத்துக்கு எந்த வழி என்று பெட்டியே குறித்து வைத்திருக்கும் பட்டியல். அதில் நாலைந்து வரிதான் இருக்க வேண்டுமாம். எங்களுடையதில் எழுபத்தாறு வரி. அத்தான் அத்தனையும் சத்தமாகப் படித்தார். படித்து, தொட்டு, அழித்தார். வைரஸ் தடுப்புப் புரோகிராம் வைத்திருக்கும் தளங்களை எல்லாம் அந்த வரிகள் வேறு எங்கோ திருப்பிவிட்டிருந்தன. மருந்துக் கடைக்குப் போகிற வழியை நோயே அடைத்து வைத்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அக்கா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று நாளில் அவள் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது அப்போதுதான். அத்தான் அதைக் கவனித்தார். முதுகு நிமிர்ந்தது.

எல்லாவற்றையும் சரிசெய்து, அணைத்து, மறுபடி போட்டார். ப்ராக்ஸி திரும்ப வந்திருந்தது. டி.என்.எஸ். எண்கள் திரும்ப வந்திருந்தன. எழுபத்தாறு வரிகளும் வந்திருந்தன. பெரிய மாப்பிள்ளை சிரித்தான்.

அக்கா உள்ளே போய்விட்டாள்.

நான் மெதுவாக, "அப்ப மொத்தமா அழிச்சுடலாம் அத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இல்ல தம்பி. நாம சரிபண்ணினதை ஒருத்தன் உள்ள உக்காந்து திரும்ப மாத்தறான். அவனைப் பிடிக்கணும்." கம்ப்யூட்டர் கண் திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலை எடுத்தார். மேலிருந்து கீழே விரல் போயிற்று. ஆறாவது வரியில் நின்றது. இன்னது என்று புரியாத ஒரு பெயர். அது என்றைக்கு உள்ளே வந்தது என்று பார்த்து எழுதிக்கொண்டார். செவ்வாய், காலை பதினொன்று இருபது. அதே நிமிடத்தில் இன்னொரு புரோகிராமும் உள்ளே வந்திருந்தது. அதன் பெயர் எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது: 'புதுமுடி.'

"ஓ" என்றார் அத்தான். "இதைத் தேடி எடுத்திருக்காங்க. இது வரும்போது இடுப்புல அதையும் தூக்கிட்டு வந்திருக்கு."

நான் என் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

இரண்டையும் பிடுங்கி எறிந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து பென் டிரைவில் கொண்டுவந்திருந்த வைரஸ் தடுப்பைப் போட்டு, இணைப்பைப் பிடுங்கிவிட்டு, முழுவதும் சோதிக்க விட்டார். ஒன்றரை மணி நேரம் ஓடியது. அந்த ஒன்றரை மணி நேரமும் எழுந்திருக்கவில்லை, என்னையும் எழுந்திருக்க விடவில்லை. மூன்று வைரஸ் அகப்பட்டது. அழித்தார். மறுபடி ப்ராக்ஸி, மறுபடி டி.என்.எஸ்., மறுபடி எழுபத்தாறு வரி. பாத்தாச்சு, தொட்டாச்சு. அணைத்துப் போட்டார். இந்த முறை எதுவும் திரும்பி வரவில்லை. மழை வருமா என்று அடித்தார். வராது என்று வந்தது.

அதோடு விட்டிருந்தால் அவர் அத்தான் இல்லை. "எட்டுப் பேர் ஏறலாம்னு எழுதியிருந்தா பத்துப் பேர் எடையை ஏத்திப் பாத்துட்டுத்தான் விடணும்" என்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்களைத் திறந்தார். ரயில் நேரம், கிரிக்கெட், நட்சத்திரங்கள், தேனீ வளர்ப்பு, உலகத்தில் உயரமான கட்டடம். அறுபத்து மூன்றாவது பக்கத்தில் கம்ப்யூட்டர் மூச்சு நின்று திரை வெளுத்துப்போயிற்று. எனக்குப் பகீரென்றது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "அறுபத்து ரெண்டு தாங்குது. ஒரு எடத்துலகூட அந்தப் பய இல்ல" என்று எழுதிக்கொண்டு, மறுபடி அணைத்துப் போட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சிவப்பு அட்டையைக் கழற்றினார்.

மிச்சம் கடைசி வரி.

அவருடைய டைரியை எடுத்தார். செவ்வாய்க்கிழமையைப் பிரித்தார். காலை பத்தேமுக்கால் முதல் பன்னிரண்டு வரை ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் எண் லிஃப்டின் பள்ளத்தில் இருந்திருக்கிறார். நேரம், கையெழுத்து, ஆஸ்பத்திரி எஞ்சினியரின் கையெழுத்து எல்லாம் இருந்தது. அந்த வரியைத் தொட்டார்.

"தம்பி, நான் இல்ல" என்றார். அந்த வரியை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏதோ அவருக்கே இத்தனை நாள் சந்தேகம் இருந்த மாதிரி. பிறகு வீடே அதிரக் கூப்பிட்டார். "இங்க வா! கண்டுபிடிச்சாச்சு!"

"வர்றேன், கையெல்லாம் ஈரம்!" என்றாள் அக்கா.

அவள் கை துடைக்கிற அந்த நேரத்தில்தான் நடந்தது. யார் என்றும் ஆதாரம் வேண்டுமே என்று, அத்தான் அந்தத் தேதியில் சேமித்தவற்றைத் தேடினார். 'புதுமுடி' போனாலும், அது செய்து வைத்த படங்கள் போகவில்லை. ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தார். நாலு படம். நாலிலும் நான். ஒன்றில் நேர் வகிடு, ஒன்றில் பக்க வகிடு, ஒன்றில் தோள்வரை, ஒன்றில் சுருட்டை. நாலிலும் கேமராவைப் பார்த்து ஒரு மாதிரி அரைச் சிரிப்பு வேறு.

அத்தான் பார்த்தார். தொடவில்லை. வாயால் எதுவும் சொல்லவும் இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உச்சந்தலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அப்போது அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவர் ஃபோல்டரை அழித்தார். டைரியை மூடினார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ம், யாரு?"

அத்தான் படிவத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நான்தான்" என்றார்.

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "இதைக் கண்டுபிடிக்கவா காலையில இருந்து இந்தக் கூத்து? உங்க பொண்ணு புதன்கிழமையே சொன்னா. இப்பவாவது சொல்லுங்க, இந்த வயசுல யாருக்காக முடி?"

நான் எழுந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் அத்தான் பேசிவிட்டார்.

"உனக்காகத்தான்."

முதல் வார்த்தை பொய். இந்த வார்த்தை பொய் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன விதத்திலேயே அது தெரிந்தது.

"வெளிய போனா நீ என்னோட சேந்து நடக்கறதே இல்ல" என்றார். "நாலடி பின்னாடிதான் வருவ. கல்யாணம் ஆன புதுசுல இருந்தே. எனக்குத் தெரியும், ஆளுங்க பாக்கறாங்கன்னு உனக்குக் கூச்சமா இருக்கும். நான் கேட்டதில்ல."

இருபத்தொன்பது வருடம். சோப்பு மிச்சம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் சிரித்திருக்கிறார்.

அக்கா அவரையே பார்த்தாள். கோபமா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அட மக்கு மனுஷா" என்றாள். "கடைத்தெருவுல நீங்க சொல்லாமக் கொள்ளாம எங்கயாவது நின்னுடுவீங்க. ஏதோ ஒரு ஷட்டரைப் பாப்பீங்க, படிக்கட்டுக் கைப்பிடியை ஆட்டிப் பாப்பீங்க. முன்னாடி போயிட்டா நான் உங்களை எங்க போய்த் தேடறது? பின்னாடி வந்தாத்தான் அந்தத் தலை தெரியும். எவ்வளவு கூட்டமா இருந்தாலும் பளிச்சுன்னு தெரியும். அது தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி. முடியை வெச்சுக்கிட்டு நீங்க நின்னா, நூறு பேர்ல எது என் புருஷன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஈரம் காயாத கையை அவர் தலையில் வைத்தாள். அத்தான் அசையவே இல்லை.

"அக்கா, அது வந்து..." என்றேன்.

"தம்பி, வாயை மூடு" என்றார் அத்தான். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் மூடிக்கொண்டேன். படிவத்தில் கடைசி வரி காலியாகவே இருந்தது, கையெழுத்தும் போடவில்லை.

பிறகு இரண்டு தடவை அவரைத் தனியாகப் பிடித்து, அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொன்னே, உனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது" என்றார். வேடிக்கையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

போன வாரம் கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. நல்ல கூட்டம். அத்தான் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு துணிக்கடை வாசலில் நின்றார். அங்கே ஷட்டரும் இல்லை, கைப்பிடியும் இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முழங்கையைப் பிடிக்கும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.